அத்தியாயம் 6: சுவருக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று

மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவில் கதகதப்புக்கு ஓர் அடுக்கு. மூன்றையும் பிணைத்து ஓடும் தையல். குயில்ட் என்றால் இவ்வளவுதான். நேராக வெட்டவும், கால் அங்குலம் விட்டுத் தைக்கவும், ஓரம் மடித்துக் கட்டவும் சென்ற அத்தியாயங்களில் பழகிவிட்டீர்கள். இனி வருவது, யாருக்காகத் தைப்பது என்ற கேள்வி. வீட்டிலுள்ள கட்டில்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தைத்து முடித்த பிறகு, இந்தக் கலையில் இறங்கியவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் பிரிகிறார்கள். சிலர் சுவரில் மாட்டும் கலைக் குயில்ட்டின் பக்கம் போகிறார்கள். சிலர் முன்பின் அறியாத ஒருவருக்குக் கொடுக்கத் தைக்கிறார்கள்.

இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் சேர்த்திருப்பது தெரிந்தே செய்ததுதான். கொடுக்கத் தைக்கும் குயில்ட் கையைப் பழக்கும். சுவருக்குத் தைக்கும் குயில்ட் கண்ணைப் பழக்கும். என்னைக் கேட்டால் முதலில் கொடுப்பதற்குத் தையுங்கள் என்பேன். கலைப்படைப்பில் ஒரு தையல் பிரிந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நோயாளியின் மேல் கிடக்கும் போர்வை நான்காவது சலவையில் பிரிந்தால், கொடுத்ததே வீணாகிவிடும். அந்தக் கண்டிப்பு வேறெந்த வகுப்பிலும் கிடைக்காது.

கொடுக்கத் தைத்தவர்கள்

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், வடபகுதிப் பெண்கள் ஊர் ஊராகக் கூடிப் படைவீரர்களுக்குக் குயில்ட் தைத்தார்கள். அவற்றைத் திரட்டி முகாம்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அனுப்பியது சானிட்டரி கமிஷன் என்ற நிவாரண அமைப்பு. அந்தக் குயில்ட்டுகள் வீட்டுக் கட்டிலுக்குத் தைப்பவற்றைவிட ஒடுங்கியவை. படுக்கப் போகிறவன் கிடப்பது முகாமின் சிறு கட்டிலில் என்பதை யோசித்துத் தைத்திருக்கிறார்கள். இன்று அவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே மிஞ்சியிருக்கின்றன. மற்றவை போர்த்திப் போர்த்தியே தேய்ந்து போயின. கொடுப்பதற்குத் தைக்கும் குயில்ட்டுக்கு அதைவிடச் சிறந்த முடிவு கிடையாது.

இரண்டாம் உலகப் போரில் கனடாவின் பெண்கள் தைத்த குயில்ட்டுகள் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே கடல் கடந்து, குண்டுவீச்சில் வீடிழந்த பிரிட்டன் மக்களுக்குப் போய்ச் சேர்ந்தன. மூலையில் ஒரு சிறு துணிச்சீட்டு, கனடா செஞ்சிலுவைச் சங்கத்தின் அன்பளிப்பு என்ற குறிப்போடு. எந்தப் பெண் தைத்தார் என்பது பெரும்பாலும் தெரியாது.

நம் காலத்துக்கு வந்தால், 1995 டிசம்பரில் அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த கேரன் லௌக்ஸ் என்பவர், புற்றுநோய்ச் சிகிச்சையிலிருந்த ஒரு சிறுமி தன் போர்வையைப் பற்றிக்கொண்டு தாக்குப்பிடித்த செய்தியைப் பத்திரிகையில் படித்தார். அருகிலுள்ள மருத்துவமனைக் குழந்தைகளுக்குக் கையால் செய்த போர்வைகளைக் கொடுக்கத் தொடங்கினார். அது ‘புராஜெக்ட் லைனஸ்’ என்ற அமைப்பாக வளர்ந்தது. பீனட்ஸ் படக்கதையில் எப்போதும் போர்வையோடு திரியும் சிறுவனின் பெயர் லைனஸ். 2003-ல், மகன் ஈராக் போருக்குப் போயிருந்த வேளையில் கேத்தரின் ராபர்ட்ஸ் தொடங்கிய ‘குயில்ட்ஸ் ஆஃப் வேலர்’ அமைப்பு போரிலிருந்து திரும்பியவர்களுக்குக் குயில்ட் கொடுக்கிறது. லூத்தரன் உலக நிவாரண அமைப்புக்கு அமெரிக்கத் தேவாலயங்களின் பெண்கள் தைத்தனுப்பும் குயில்ட்டுகள் அகதி முகாம்களுக்கும் பேரிடர்ப் பகுதிகளுக்கும் போகின்றன. அவர்கள் கேட்கும் அளவு 60 அங்குலம் அகலம், 80 அங்குலம் நீளம். கப்பலேற்றி அனுப்பும் பொருள் ஒரே அளவில் இருந்தால்தான் மூட்டை கட்ட முடியும். எங்கள் கட்டிலுக்குச் சரியாக இருந்தது என்று யாரும் தங்கள் விருப்பப்படி தைப்பதில்லை.

இவர்கள் எல்லோரிடமும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: பெறுகிறவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டார்கள், பிறகுதான் துணியை எடுத்தார்கள்.

துவைக்கப் போவது யார்?

கொடுக்க நினைப்பவர்கள் நிறம், வடிவம் என்று தொடங்குவார்கள். நீங்கள் சலவையிலிருந்து தொடங்குங்கள். இந்தப் போர்வை எங்கே துவைக்கப்படும், எங்கே காயும்? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் துணி, நடு அடுக்கு, தையல் அடர்த்தி, அளவு என்று பாதி முடிவுகள் தாமாகவே அமைந்துவிடும்.

மருத்துவமனை என்றால் சுடுநீரும் பிளீச்சிங்கும் இருக்கும். அங்கே கைத்தறியின் ஆழ்ந்த சாயம் நிற்காது. ஆலைப் பருத்தியும் இறுக்கமான மெஷின் தையலும் வேண்டும். முதியோர் இல்லத்தில் ஒரே நாளில் பல படுக்கைகளின் துணி துவைக்க வேண்டியிருக்கும். கனமான குயில்ட் ஒன்று நனைந்தால் அதைத் தூக்கிப் பிழிவதற்கே இரண்டு பேர் வேண்டும். மழை வெள்ளத்துக்குப் பிறகு கொடுப்பதென்றால் இன்னும் யோசிக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் புகுந்த வீடுகளில் போர்வையின் தேவை உண்மையானது. ஆனால் அந்த ஈரக்காற்றில் பஞ்சடைத்த தடிமனான போர்வை காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். அப்படிப்பட்ட வேளைக்கு இரண்டு பருத்தித் துணிகளுக்கு நடுவே பழைய மெல்லிய சேலை ஒன்றை வைத்துத் தைத்தால் போதும். இரவில் குளிர் தாங்கும், அரை நாள் வெயிலில் காய்ந்துவிடும்.

பெறுகிறவரின் உடல்நிலையும் அளவைத் தீர்மானிக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மடிப்போர்வை போதும். 36 அங்குல அகலத்துக்கு மேல் போனால் ஓரம் சக்கரத்தில் சிக்கும். குறைமாதக் குழந்தைகளின் இன்குபேட்டருக்கு மேலே, வெளிச்சம் கண்ணில் படாமல் போர்த்தும் உறையைச் சில மருத்துவமனைகள் விரும்பும். அதன் அளவு பெட்டிக்குப் பெட்டி வேறுபடும் என்பதால் வார்டு சிஸ்டரிடம் கேட்காமல் வெட்டவே கூடாது.

கைக்குழந்தைக் குயில்ட் பற்றி ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை, மெத்தென்ற துணி எதுவும் இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. முகத்தில் விழுந்து மூச்சடைக்கலாம். ஆகவே கைக்குழந்தைக்கு என்று தைக்கும் குயில்ட்டைத் தரையில் விரித்துக் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து விளையாட்டுக் காட்டும் விரிப்பாகவே கொடுங்கள். கூடவே வைக்கும் சீட்டில் ‘விழித்திருக்கும்போது மட்டும்’ என்று தமிழில் எழுதுங்கள். பொத்தான், மணி, ரிப்பன் எதையும் தைக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, பொத்தானும் ஜிப்பும் நிறைந்த குயில்ட் ஒன்று உண்டு. மறதி நோய் முற்றியவர்களின் கைகள் சும்மா இருக்க முடியாமல் எதையாவது திருகிக்கொண்டே இருக்கும். சேலை முந்தானையை இழுப்பார்கள், ஊசி போட்ட இடத்தைப் பிடுங்குவார்கள். அவர்கள் மடியில் விரிக்க 2 அடிக்கு 2 அடி போதும். ஜிப், நாடா, பை, வெல்வெட், சொரசொரப்பான கார்டுராய் என்று தடவவும் திறக்கவும் மூடவும் ஏதாவது இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை அழுத்தித் தையுங்கள், பிடுங்கி வாயில் போட்டுவிடக் கூடாது. அந்தப் பெரியவர் வாழ்ந்த வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு தைத்தால் இன்னும் நல்லது. தையல்காரராக இருந்தவருக்கு இன்ச் டேப் துண்டு ஒன்று, பூக்கடை வைத்திருந்த அம்மாவுக்குத் துணியில் செய்த சரம் ஒன்று. கொடுப்பதற்காகத் தைக்கும் வகைகளிலேயே அதிகக் கற்பனையைக் கேட்பது இதுதான் என்பேன்.

துணி, நடு அடுக்கு

நம் வீடுகளில் தாம்பூலத்தோடு வந்த பிளவுஸ் பிட்டுகள் பீரோவில் அடுக்கடுக்காகக் கிடக்கும். அவற்றைப் பயன்படுத்தலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். முழுப் பருத்தியானால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் பாதிக்கு மேல் பாலியஸ்டர் கலந்தவையாக இருக்கும். ஓர் இழையை உருவி, தண்ணீர்த் தட்டுக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். இரண்டையும் ஒரே குயில்ட்டில் கலந்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. இரண்டாம் சலவையிலேயே இழுத்துக்கொண்டு நிற்கும். திருப்பூர் பனியன் வெட்டுத் துணி மலிவாகக் கிடைக்கும். அது இழுபடும் துணி, தொடக்கக்காரருக்கு வேண்டாம்.

வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் துவைத்துச் சுருக்கிவிடுங்கள். சிவப்பு, கருநீலம், சுங்குடி ஆகியவற்றை ஈரமாக்கி, வெள்ளைத் துணியின் மேல் வைத்து இஸ்திரி போடுங்கள். சாயம் ஒட்டினால் மறுபடி துவையுங்கள், அப்போதும் ஒட்டினால் ஒதுக்கிவிடுங்கள். உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பி வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் தைக்காதீர்கள். துவைத்த துணிக்கு இலேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் கத்தரி நேராக ஓடும்.

நடு அடுக்குக்குக் கடைகளில் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சுத் தாள் எடை குறைவு, சீக்கிரம் காயும். பருத்தித் தாள் உடம்புக்கு இதம், ஆனால் ஈரம் தாங்கிக் கனக்கும். நம் தட்பவெப்பத்துக்குப் பழைய வேட்டியோ சேலையோ இரண்டு மடிப்பு வைப்பதே பெரும்பாலும் போதும். வங்காளத்தின் காந்தாவில் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நிற நூலாலேயே தைப்பார்கள். தனியாக நடு அடுக்கு என்று அதில் எதுவும் இல்லை. இலவம்பஞ்சையோ உதிரிப் பஞ்சையோ வைக்க வேண்டாம். துவைத்தவுடன் ஒரு மூலையில் உருண்டு கூடிவிடும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக நினைவிருக்கட்டும். நடுவில் பழையது இருக்கலாம். மேல் துணி வலுவாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் இழை விலகும் சேலையைக் கொடுக்கும் குயில்ட்டின் மேல்புறத்தில் வைக்காதீர்கள். நம் வீட்டு விருந்தாளிக்கு விரிக்கத் தயங்கும் ஒன்றை இல்லாதவருக்குக் கொடுக்கலாகாது.

முதல் குயில்ட், அளவுகளோடு

36 அங்குலத்துக்கு 40½ அங்குலம். சிறு பிள்ளைக்கு விரிப்பாகும், பெரியவருக்கு மடிப்போர்வையாகும். 5 அங்குலச் சதுரங்கள் 72 வெட்டிக்கொள்ளுங்கள். நான்கு புறமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஒவ்வொன்றும் 4½ அங்குலம் நிற்கும். வரிசைக்கு 8 சதுரம், 9 வரிசை. ஆறு வகைத் துணி எடுத்தால் ஒவ்வொன்றிலும் 12 சதுரம். 44 அங்குலப் பன்னா உள்ள துணியில் ஒவ்வொரு வகையும் 30 செ.மீ. வாங்கினால் சரியாக வரும். அடித் துணிக்கு அதே பன்னாவில் 1¼ மீட்டர். ஓரம் கட்ட 2½ அங்குல அகலத்தில் ஐந்து பட்டைகள், அதற்கு 35 செ.மீ.

தைப்பதற்கு முன் 72 சதுரத்தையும் தரையில் பரப்பிப் பாருங்கள். அடர்ந்த நிறத்துக்குப் பக்கத்தில் வெளிர் நிறம் என்று மாறி மாறி வந்தாலே பாதி அழகு வந்துவிடும். வரிசை வரிசையாகத் தைத்து, முதல் வரிசையின் தையல் ஓரங்களை வலப்புறமும் அடுத்த வரிசையினதை இடப்புறமும் சாய்த்து இஸ்திரி போடுங்கள். வரிசைகளை இணைக்கும்போது ஓரங்கள் ஒன்றுக்கொன்று எதிரெதிராகப் பொருந்தி, மூலைகள் தாமாகவே நேர்ப்படும்.

மூன்று அடுக்கையும் தரையில் சுருக்கமின்றி விரித்து, ஒரு கையகல இடைவெளியில் ஊக்கு குத்துங்கள். தையலை எப்போதும் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டு போகவேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் மிச்சத் துணியெல்லாம் நடுவில் கூடிச் சுருக்கமாகும். மெஷின் தையலின் நீளத்தை 3 மி.மீ. அளவுக்குக் கூட்டிக்கொண்டு, சதுரங்களின் ஓரத்தை ஒட்டி நேர்க்கோடுகளாகத் தையுங்கள். மெஷின் இல்லாதவர்கள் முடிச்சு போடலாம்: கனமான பருத்தி நூலை மூன்று அடுக்கிலும் இறக்கி ஏற்றி, இரட்டை முடிச்சு போட்டு, அரை அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். ஒவ்வொரு சதுரத்தின் மூலையிலும் ஒரு முடிச்சு. நிவாரணத்துக்குப் போகும் குயில்ட்டுகள் பலவும் இப்படி முடிச்சு போட்டவையே. ஓரப் பட்டையை இரண்டு பக்கமும் மெஷினிலேயே தைத்துவிடுங்கள். கைத்தையல் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் ஆஸ்பத்திரிச் சலவையைத் தாங்காது.

ஊசி மட்டும் போதும்

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர், ‘கவந்தி’ என்ற குயில்ட்டைத் தைக்கிறார்கள். இந்த நூலில் சொன்ன ஒழுங்குகள் எதுவும் அதில் கிடையாது. அளவுகோல் இல்லை, மெஷின் இல்லை, தனியாக மேல்துணி தைத்து அடுக்குவதும் இல்லை. பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, ஓரத்தை உள்ளே மடித்து, ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே விளிம்பைச் சுற்றி வருவார்கள். சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று உள்ளே. துண்டை ஒட்டுவதும் அடுக்குகளைப் பிணைப்பதும் ஒரே தையலில் நடக்கும். கடைசித் துண்டு நடுவில் வந்து அடையும். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிப்பூக்களைத் தைப்பார்கள். அவை இல்லாவிட்டால் குயில்ட் முழுமையடையாது.

மெஷினைப் பார்த்தாலே தயங்குகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த முறையைத்தான். 18 அங்குலச் சதுரத்தில் ஒரு சிறு விரிப்பாகத் தொடங்குங்கள். எம்பிராய்டரிக்கு விற்கும் கனத்த அங்கர் நூல், நீளமான ஊசி, துணிப்பையில் சேர்ந்துபோன துண்டுகள், இவ்வளவே தேவை. துண்டுகளைத் திட்டமிட்டு அடுக்காமல், முன்னே வைத்த துண்டு அடுத்து எந்த நிறத்தைக் கேட்கிறது என்று பார்த்துப் பார்த்து வையுங்கள். இங்கேதான் கொடுக்கும் குயில்ட்டிலிருந்து கலைக் குயில்ட்டுக்கு நீங்கள் உங்களை அறியாமலே நகரத் தொடங்குகிறீர்கள்.

பலர் கூடித் தைக்கும்போது

குடியிருப்பிலோ தையல் வகுப்பிலோ 12 பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு 12 அங்குலக் கட்டம். வரிசைக்கு மூன்று, நான்கு வரிசை, நடுவிலும் சுற்றிலும் 2 அங்குலப் பட்டை. மொத்தம் 44-க்கு 58 அங்குலம் வரும். பட்டைகளுக்கும் கட்டங்களின் பின்னணிக்கும் ஒரே துணியை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுங்கள். யார் எப்படித் தைத்தாலும் அந்தத் துணி மொத்தத்தையும் ஒரே குடும்பமாகச் சேர்த்துவிடும். 12 பேரின் கட்டமும் 12 வெவ்வேறு அளவில் வரும். சிறிதாக வந்ததைக் குறைசொல்லித் திருப்பித் தராதீர்கள். சுற்றிலும் ஒரு சட்டம் வைத்துத் தைத்து, அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். முதன்முதலாகத் தைத்தவரின் கோணல் கட்டத்தை நடுவிலேயே வையுங்கள். அடுத்த முறையும் அவர் வருவார்.

முதல் உலகப் போரின்போது அமெரிக்கச் செஞ்சிலுவைக்கு நிதி திரட்ட, காசு கொடுத்தவர்களின் பெயரைக் குயில்ட்டில் எம்பிராய்டரி செய்யும் வழக்கம் இருந்தது. வெள்ளைத் துணியில் சிவப்பு நூல் பெயர்கள். ஊர் நூலகத்துக்கோ பள்ளிக்கோ பணம் சேர்க்க நினைப்பவர்கள் இன்றும் இதைச் செய்யலாம்.

சுவருக்குப் போகும் குயில்ட்

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1837-ல் அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ், விடுதலைக்குப் பிறகு துணி வெட்டி ஒட்டி விவிலியக் கதைகளைக் குயில்ட்டில் சொன்னார். வறுமையின் நெருக்கடியில் ஒன்றை 1891-ல் 5 டாலருக்கு விற்றார். அது இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள மற்றொன்றில், 1833-ல் வானத்திலிருந்து எரிநட்சத்திரங்கள் மழையாகப் பொழிந்த இரவையும் சேர்த்திருக்கிறார். அவர் பிறப்பதற்கு முன்பே நடந்த அந்த நிகழ்வு, கேட்ட கதையாகவே அவர் கைக்கு வந்திருக்கும். துண்டுத்துணியால் கதை சொல்வது நமக்கும் புதிதல்ல. தஞ்சை வட்டாரத்தில் தேருக்குக் கட்டும் தொம்பைகளில் யாளியும் மயிலும் தெய்வ உருவங்களும் வெட்டி ஒட்டித் தைத்தவையே.

1971-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்கக் குயில்ட்டுகளை, ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்சிக்கு வைத்தது. கட்டிலிலிருந்து சுவருக்கு வந்ததும் பார்க்கும் கண் மாறியது. ஒஹாயோ மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் கலைக் குயில்ட்டுக்கென்றே 1979-ல் ‘குயில்ட் நேஷனல்’ கண்காட்சி தொடங்கியது. கலைஞர் ஃபெய்த் ரிங்கோல்டு 1988-ல் செய்த ‘டார் பீச்’ குயில்ட்டில், நியூயார்க்கின் ஹார்லெம் குடியிருப்பின் மொட்டை மாடியில் கோடை இரவில் படுத்திருக்கும் குடும்பத்தைத் தீட்டி, கதையையும் எழுதி, சுற்றிலும் துண்டுத்துணிச் சட்டம் வைத்தார்.

ஆனால் என்னை மிகவும் கற்கவைத்தவர்கள் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற ஆற்றுவளைவுக் கிராமத்துப் பெண்கள். கலை என்று நினைத்து அவர்கள் தைக்கவில்லை. குளிருக்குத் தைத்தார்கள். மிசௌரி பெட்வே என்பவர் கணவர் இறந்த பிறகு, 1942-ல், அவர் வயலில் உடுத்திக் கிழிந்த உடுப்புகளை வெட்டி ஒரு குயில்ட் செய்தார். வெளிறிய நீலமும் பழுப்பும் நீள நீளப் பட்டைகளாக.  1972-ல் அந்தப் பகுதியின் தையல் கூட்டுறவுக்கு சியர்ஸ் நிறுவனத்திலிருந்து கார்டுராய் தலையணை உறை தைக்கும் வேலை வந்தது. மிச்சமான கார்டுராய் துண்டுகள் வீடுகளுக்குப் போய், வளைக்க முடியாத அந்தத் தடித்த துணியாலேயே பெரிய பெரிய பட்டைகளில் துணிச்சலான குயில்ட்டுகள் பிறந்தன. 2002-ல் ஜீஸ் பெண்ட் குயில்ட்டுகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் தொடங்கி அமெரிக்கா முழுவதும் சுற்றின. 2006-ல் தபால்தலைகளாயின. நிறைய நிறமும் நிறைய வகையும் இருந்தால்தான் கலை வரும் என்று நினைக்கிறவர்கள் அந்தக் கார்டுராய் குயில்ட்டுகளின் படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

முதல் கலைக் குயில்ட்டை 12-க்கு 16 அங்குலத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நீங்களே எடுத்த புகைப்படம் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். தூத்துக்குடி உப்பளத்தை எடுத்துக்கொள்வோம். பாத்திகளே கட்டம் கட்டமாக இருக்கின்றன. சேற்றுப் பழுப்பு, சாம்பல், வெளிர் சிவப்பு, உப்பின் வெள்ளை. படத்தைப் போனில் கறுப்பு வெள்ளையாக்குங்கள். எங்கே மிக இருட்டு, எங்கே மிக வெளிச்சம், நடுவில் இரண்டு படிகள் எவை என்று பிரித்து, பெரிய வடிவங்கள் ஐந்தாறை மட்டும் காகிதத்தில் வரையுங்கள். பிறகு உங்களிடமுள்ள துணிகளையும் வரிசையாக வைத்துக் கறுப்பு வெள்ளையில் படமெடுங்கள். கண்ணுக்கு முற்றிலும் வேறாகத் தெரிந்த சிவப்பும் பச்சையும் படத்தில் ஒரே சாம்பலாக நிற்பதைப் பார்ப்பீர்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது உருவத்தைக் காட்டுவது இந்த வெளிச்ச வேறுபாடு. இது அமைந்துவிட்டால் வானம் மஞ்சளாக இருந்தாலும் படம் நிற்கும்.

வெட்டிய வடிவங்களை இரு பக்கமும் ஒட்டும் ஃப்யூசிங் வலையால் பின்னணித் துணியில் ஒட்டி இஸ்திரி போடலாம். சுவருக்குப் போவதால் பிசிறு விளிம்பு பாதகமில்லை. ஆனால் அதே முறையைத் துவைக்கும் குயில்ட்டில் செய்யாதீர்கள்.

தையல் இங்கே பென்சில் கோடாகிறது. மெஷினின் பல்லைக் கீழே இறக்கினால், அல்லது தகடு வைத்து மூடினால், துணியை எந்தப் பக்கமும் கையால் நகர்த்தித் தைக்கலாம். நம் ஊர் மெஷின் எம்பிராய்டரிக்காரர்கள் பிரஷர் ஃபுட்டைக் கழற்றி, வளையத்தில் துணியை மாட்டிப் பூவும் கொடியும் போடுவது இதே முறையில்தான். அவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கால் ஒரே வேகத்தில் மிதிக்கும், கை மெதுவாக நகரும். நீங்கள் ஃபுட் இல்லாமல் தைக்க வேண்டாம், ஊசி விரலில் ஏறும். டார்னிங் ஃபுட் மாட்டிக்கொள்ளுங்கள். பாத்தி வரப்புகளை நேர்க்கோடுகளாலும், தண்ணீரை நெளி கோடுகளாலும் நிரப்பி, உப்புக் குவியலைத் தைக்காமல் விட்டால் அது தானே உப்பிக்கொண்டு நிற்கும்.

முடிந்ததும் பின்புற மேல் ஓரத்தில் 4 அங்குல அகலத்தில் குழாய்போல் துணி தைத்து, அதில் கம்பி நுழைத்து மாட்டுங்கள். ஆணியில் நேரடியாகத் தொங்கவிட்டால் எடை முழுவதும் இரண்டு புள்ளிகளில் விழுந்து துணி இழுபடும். வெயில் படும் சுவர் வேண்டாம். எடுத்து வைக்கும்போது சுருட்டி, பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கும்.

இரண்டும் ஒன்றான இடம்

1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனின் திறந்த வெளியில் 1,920 துணிப்பலகைகள் விரிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஒரு மனிதரைப் புதைக்கும் அளவு. எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களை, பெயரைச் சொல்லவே பலரும் கூசிய காலத்தில், நண்பர்களும் தாய்மார்களும் பெயர் தைத்து நினைவுகூர்ந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவின் கிளீவ் ஜோன்ஸ் தொடங்கிவைத்த அந்த நினைவுக் குயில்ட் இன்று ஏறத்தாழ 50,000 பலகைகளாக வளர்ந்திருக்கிறது. தைத்தவர்களில் பலர் அதற்கு முன் ஊசி பிடித்தறியாதவர்கள்.

குயில்ட் எதுவானாலும் பின்புற மூலையில் ஒரு சீட்டு தைத்துவிடுங்கள். சுவருக்குப் போவதில் உங்கள் பெயர், ஊர், ஆண்டு, தலைப்பு. கொடுப்பதில் எப்படித் துவைப்பது என்ற குறிப்பு முதலில், பெயர் சிறிதாக. பெறுகிறவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஆசையை விட்டுவிடுங்கள். நோயிலும் இல்லாமையிலும் இருப்பவர் நம் மகிழ்ச்சிக்காகக் கேமரா முன்னே நிற்க வேண்டியதில்லை.

அடுத்த அத்தியாயம் சாயமேற்றுதல் பற்றியது. அதற்குப் போகும் முன், உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டிலோ அருகிலுள்ள முதியோர் இல்லத்திலோ பொறுப்பாளரைப் பாருங்கள். போர்வை வேண்டுமா, என்ன அளவு, எப்படித் துவைப்பீர்கள் என்று மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் போர்வை வேண்டாம், தலையணை உறைதான் வேண்டும் என்றால் தலையணை உறையே தையுங்கள்.